எந்தப் பத்திரிகை? எந்தத் திகதி?

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் எமது வகுப்பினர் சார்பில் ஓர் உரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, 'செய்தியும் நாமும்' என்ற பொருளை நாமே தெரிந்தெடுத்தோம். எம்முள் ஒருவர் பத்திரிகை ஒன்றில் சில காலம் ஒப்புநோக்காளராக வேலை செய்தவர். மற்றவர்கள் ஆசிரியைகள், தாதியர், வங்கி ஊழியர், இல்லத்தரசிகள். இத்துறையில் நிபுணர் என்று சொல்லிக்கொள்ள எம்மிடம் எவரும் இல்லை. ஆனால் எமது வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் இரண்டு வருடங்களுக்கு முன் நடந்த ஒரு சம்பவம், இதைப் பற்றிப் பேச வேண்டிய கடமையை எம்மேல் சுமத்திவிட்டது. அதனைப் பின்னர் சொல்கிறோம். முதலில் எமது காலைப் பிரார்த்தனைக்குப் போய் வருவோம்.

எமது காலத்தில் பிரார்த்தனை முடிந்ததும் செய்தி வாசிக்கும் வழக்கம் இருந்தது. முறை வந்த மாணவி அன்று அரை மணித்தியாலம் முந்தி வரவேண்டும். நூலகத்தில் மரச்சட்டத்தில் மாட்டியிருக்கும் பத்திரிகையைப் பார்த்து ஐந்து செய்திகளைக் கொப்பியில் எழுத வேண்டும். எழுதியதைத் தமிழ் ஆசிரியையிடம் காட்ட வேண்டும். ரீச்சர் எழுத்துப் பிழை பார்ப்பதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்பார். "எந்தப் பத்திரிகை? எந்தத் திகதி?" இரண்டுக்கும் விடை இருந்தால்தான் சிவப்புப் பேனை திறக்கும்.

ஒரு நாள் எமது வகுப்புத் தோழி ஒருத்தி, பத்திரிகையில் இல்லாத ஒரு செய்தியையும் ஐந்தாவதாகச் சேர்த்து எழுதியிருந்தாள். கேள்வி வந்தது. "பக்கத்து வீட்டு அண்ணை சொன்னவர் ரீச்சர்" என்றாள். "அண்ணை நல்ல பிள்ளைதான். ஆனால் அவர் பார்த்தவரோ, கேட்டவரோ?" என்றார் ரீச்சர். அன்று மேடையில் நான்கு செய்திகள் மட்டுமே வாசிக்கப்பட்டன. அந்த ஐந்தாவது செய்தி என்னவென்று இன்று எமக்கு நினைவில்லை. "பார்த்தவரோ, கேட்டவரோ" என்பது மட்டும் நினைவில் நிற்கிறது.

எமது மண்ணில் தமிழ்ச் செய்திப் பத்திரிகைக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்க மிஷனரிமாரின் 'உதயதாரகை' யாழ்ப்பாணத்தில் 1841இல் வெளிவரத் தொடங்கியது. 1889இல் 'இந்து சாதனம்', 1930இல் கொழும்பில் 'வீரகேசரி', 1932இல் 'தினகரன்', 1959இல் மீண்டும் யாழ்ப்பாணத்தில் 'ஈழநாடு', 1985இல் 'உதயன்' என்று அந்த வரிசை நீள்கிறது. பெண்களாகிய நாம் மறக்கக்கூடாத ஒரு பெயரும் இதில் உண்டு. மங்களம்மாள் மாசிலாமணி அவர்கள் 1923இல் 'தமிழ் மகள்' என்ற இதழைத் தொடங்கினார். பெண்கள் வாசிப்பதே பெரிய காரியமாக இருந்த காலத்தில் ஒரு பெண் பத்திராதிபராக இருந்தார் என்பது, ஒரு பெண்கள் பாடசாலையின் விழாவில் சொல்லப்பட வேண்டிய செய்தி.

அந்தத் தாள்களுக்கு எம்மவர் கொடுத்த விலையும் பெரிது. 1981 யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த அதே நாட்களில் ஈழநாடு அலுவலகமும் எரிக்கப்பட்டது. 2006 மே 2ஆம் திகதி உதயன் அலுவலகத்துக்குள் புகுந்த ஆயுததாரிகள் அங்கு பணியாற்றிய இருவரைச் சுட்டுக் கொன்றனர். 1990இன் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, அச்சுத்தாள் இல்லை. கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சான பத்திரிகையை நாம் வாசித்திருக்கிறோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வானொலியை இயக்கி, இரவு 9.15க்கு பி.பி.சி. தமிழோசை கேட்டிருக்கிறோம். சுற்றியவர் களைத்தால் செய்தியும் களைத்துப் போகும். அந்த ஒலிபரப்பும் 2017 ஏப்ரலுடன் நின்றுவிட்டது.

பழையதெல்லாம் பொன் என்று சொல்ல நாம் வரவில்லை. அக்காலத்திலும் வதந்திகள் இருந்தன. பத்திரிகைகளுக்கும் அவரவர் சார்பு இருந்தது. சொல்லப்படாமல் விடப்பட்டவை பல. அச்சான பத்திரிகை புலம்பெயர்ந்த எமது சகோதரிகளின் கைக்குப் போய்ச் சேரச் சில வாரங்கள் ஆகும். ஊரில் தாய் இறந்த செய்தியை எட்டாம் நாள், அந்திரட்டிக்கான ஆயத்தம் நடக்கும்போது அறிந்தவர்கள் இந்தச் சபையிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் போய் இணையம் கெட்டது என்று யாரால் சொல்ல முடியும்?

இணையம் வந்த புதிதில் ஒவ்வொரு தமிழ்த் தளத்துக்கும் ஒவ்வோர் எழுத்துரு தேவைப்பட்டது. பாமினி இல்லாத கணினியில் தமிழ் முழுவதும் விளங்காத குறிகளாக நிற்கும். யுனிகோட் பரவிய பின் அந்தத் தடை நீங்கியது. இன்று பருத்தித்துறையில் காலை நடந்தது ரொறன்ரோவில் அதே நிமிடம் வாசிக்கப்படுகிறது. 2005இல் ஆரம்பிக்கப்பட்ட 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் எமது பழைய பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் எவரும் எங்கிருந்தும் வாசிக்கக் கிடைக்கின்றன. எரிக்கப்பட்ட நூலகத்தை நினைத்து அழுத தலைமுறைக்கு இது சிறிய ஆறுதல் அல்ல. கொழும்புப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி மாதக்கணக்கில் காத்திருந்த கிராமத்தவர், தமது கைத்தொலைபேசியில் ஒரு படம் பிடித்து உடைந்த வீதியையும் வற்றிய குளத்தையும் எல்லாருக்கும் காட்டுகிறார். இவை நன்மைகள். இவற்றை ஏற்றுக்கொண்டே மேலே பேசுகிறோம்.

எமது வாசிப்பில் என்ன மாறியது? மூன்று விடயங்களை எமக்குள் பேசிக் கண்டுகொண்டோம்.

முதலாவது, செய்தியின் ஒழுங்கு. பத்திரிகையின் முதற் பக்கம் எல்லாருக்கும் ஒன்றாகவே இருந்தது. அதை ஓர் ஆசிரியபீடம் தீர்மானித்தது. பிடிக்காவிட்டால் ஆசிரியருக்குக் கடிதம் எழுதலாம். இன்று முகநூலிலும் யூரியூபிலும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு முதற் பக்கம். நாம் எதில் கூடுதலாக நின்று பார்த்தோம் என்பதைக் கணக்கிட்டு ஓர் இயந்திரம் அதை அடுக்குகிறது. கோபம் வந்தால் நின்று பார்ப்போம் என்பதும் அதற்குத் தெரியும்.

இரண்டாவது, நாம் தலைப்போடு நின்றுவிடுகிறோம். எமது குழுவில் ஒருவர் பகிர்ந்த செய்தியை எத்தனை பேர் முழுமையாக வாசித்தோம் என்று ஒரு நாள் கேட்டுப் பார்த்தோம். கருத்து எழுதியவர்கள் பலர். உள்ளே போய் வாசித்தவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலருள் பகிர்ந்தவர் இல்லை.

மூன்றாவது, செய்திக்கு நாம் பணம் கொடுப்பதில்லை. காலையில் பத்திரிகையின் பி.டி.எவ். கோப்பு யாராலோ அனுப்பப்பட்டு எமது குழுவுக்கு வந்துவிடும். இலவசம்தானே என்று மகிழ்ந்தோம். ஒப்புநோக்காளராக இருந்த எமது தோழிதான் அதன் மறுபக்கத்தைச் சொன்னார். காணி விற்பனை, மணமகன் தேவை, வாகன விற்பனை போன்ற சிறு விளம்பரங்களே பத்திரிகைகளுக்குப் பெரும் பலமாக இருந்தன. அவை இணையத்துக்குப் போய்விட்டன. விளம்பரப் பணத்தில் பெரும் பங்கு இன்று கூகிளுக்கும் முகநூலுக்கும் போகிறது. பிரதேச நிருபர்களில் பலர் மாதச் சம்பளம் இல்லாதவர்கள். வெளிவரும் செய்திக்கு ஏற்பச் சிறு கொடுப்பனவு பெறுபவர்கள். பெற்றோலுக்கும் காணாத அந்தப் பணத்தில் நீதிமன்றத்துக்கும் பிரதேச சபைக்கும் போய் வருபவர்கள். நாம் இலவசமாக வாசிக்கும்போது முதலில் இல்லாமற் போவது அந்த மனிதர்தான்.

2022இன் பொருளாதார நெருக்கடியில் அச்சுத்தாள் இறக்குமதி செய்ய நாட்டில் டொலர் இல்லை. பாடசாலைத் தவணைப் பரீட்சைகள்கூட மேல் மாகாணத்தில் பிற்போடப்பட்டன. 'த ஐலண்ட்', 'திவயின' ஆகிய பத்திரிகைகள் தமது சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்தின. தாள் பின்னர் வந்தது. ஆனால் அந்த இடைவெளியில் இணையத்துக்குப் போன வாசகர்களில் எத்தனை பேர் திரும்பக் கடைக்குப் போய்ப் பத்திரிகை வாங்கினோம் என்று எம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆளும் வருமானமும் குறைந்த அலுவலகத்தில் வேலை மட்டும் கூடுகிறது. முன்னர் இரவு ஒரு முறை பக்கம் மூடினால் போதும். இன்று மணித்தியாலத்துக்கு ஒரு முறை தளத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதே நிருபர் செய்தியும் எழுதி, படமும் எடுத்து, காணொளியும் பேச வேண்டும். உறுதிப்படுத்த ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்கும் நேரத்தில் வேறொரு தளம் செய்தியைப் போட்டுவிடும். ஆகவே அழைப்பு எடுக்கப்படுவதில்லை. 'அதிர்ச்சி', 'பரபரப்பு' என்ற சொற்கள் இல்லாத தலைப்பை இப்போது காண்பது அரிது.

இனி அந்தச் சம்பவத்துக்கு வருகிறோம். சம்பந்தப்பட்டவர்களின் அனுமதியுடன்தான் சொல்கிறோம்.

ஒரு நாள் இரவு எமது குழுவில் ஒரு மரண அறிவித்தலின் படம் வந்தது. 'எந்தத் திகதி' கேட்ட எமது ரீச்சரின் பெயர் அதில் இருந்தது. 'ஓய்வுபெற்ற ஆசிரியை' என்றும் இருந்தது. படம் பாதியில் வெட்டப்பட்டிருந்தது. அனுப்பியவர் எம்மில் ஒருவர். அவருக்கு இன்னொரு குழுவில் இருந்து வந்தது. ஐந்து நிமிடத்தில் மெழுகுதிரிகளும் கூப்பிய கைகளும் நிரம்பின. மெல்பேணில் விடியப் போகும் நேரம், லண்டனில் பின்னேரம், ரொறன்ரோவில் மத்தியானம். எல்லா இடத்திலிருந்தும் அஞ்சலி வந்தது. ஒருவர் நாலு வரி கவிதை எழுதினார். ஒருவர் மலர்வளையத்துக்குப் பணம் சேர்க்கத் தொடங்கினார். ஒருவர் வெளிநாட்டில் தாதியாக வேலை செய்யும் ரீச்சரின் மகளுக்கு அனுதாபச் செய்தி அனுப்பினார்.

வேலையிலிருந்த மகள் அதைப் பார்த்தார். தாய்க்கு அழைத்தார். பதில் இல்லை. மீண்டும் மீண்டும் அழைத்தார். ஊரில் அன்று மின்சாரம் இல்லை. ரீச்சரின் தொலைபேசி சார்ஜ் இறங்கி மேசையில் கிடந்தது. ரீச்சர் நுளம்பு வலைக்குள் நித்திரை. இரண்டு மணித்தியாலம் அந்தப் பிள்ளை என்ன பாடுபட்டிருப்பார் என்று இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது.

மின்சாரம் வந்து, தொலைபேசி உயிர் பெற்றதும் மகள் பேசினார். பிறகு எம்மில் ஒருவரும் பேசினார்.

"ரீச்சர், நீங்கள் மோசம் போயிட்டீங்கள் எண்டு குழுவில போட்டிருக்கு."

"அப்பிடியோ பிள்ளை? எந்தப் பேப்பர்? எந்தத் திகதி?"

எமது தோழியால் பதில் சொல்ல முடியவில்லை. அழுதுகொண்டே சிரித்தார் என்கிறார். மறுநாள் முழு அறிவித்தலையும் தேடி எடுத்தோம். அது வேறொரு ஊரைச் சேர்ந்த, அதே பெயருடைய இன்னோர் ஆசிரியை. முதலெழுத்து வேறு. பிறந்த ஊர் வேறு. வெட்டப்பட்ட கீழ்ப்பகுதியில் வழமை போல 'தகவல்: குடும்பத்தினர்' என்ற வரியும் தொலைபேசி இலக்கமும் இருந்தன. அந்த ஒரு வரியைத் தேடியிருந்தால் எல்லாம் அங்கேயே நின்றிருக்கும்.

ரீச்சர் எம்மை மன்னித்துவிட்டார். மகளிடம் மன்னிப்புக் கேட்க அழைத்தபோது அவர் ஒன்று கேட்டார். "நீங்கள் எல்லாரும் அம்மாட்டைப் படிச்சனீங்கள்தானே அக்கா. ஒரு ஆள்கூட ஒரு கோல் எடுத்துக் கேட்கேல்லையே?" அதற்கு எம்மிடம் இன்றும் பதில் இல்லை.

எமது தோழி பத்திரிகை அலுவலக நடைமுறையைச் சொன்னார். மரண அறிவித்தலைக் கொண்டு வருபவர் கையொப்பமிட வேண்டும். கொடுக்கப்பட்ட இலக்கத்துக்கு அழைத்து உறுதிப்படுத்துவார்கள். முதலெழுத்தையும் ஊரையும் ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர் அச்சுப்படியில் சரிபார்ப்பார். பிழைத்தால் யார் பொறுப்பு என்பது எல்லாருக்கும் தெரியும். மறுநாள் திருத்தம் போடுவார்கள். அந்த நால்வர் செய்த வேலை இன்று ஒரு பெருவிரலுக்கு வந்துவிட்டது. எமது பெருவிரலுக்கு அந்த வேலையை எவரும் பழக்கவில்லை.

எமக்கு நேர்ந்தது ஓர் இரவுக் கலக்கத்தோடு முடிந்தது. எல்லாருக்கும் அப்படி முடிவதில்லை. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலக்கப்படுகிறது என்ற பொய் பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பரிசோதித்தபோது அது வெறும் மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் அறிக்கை கூறியது. அதற்குள் மார்ச்சில் கண்டி, திகன பகுதிகள் எரிந்துவிட்டன. அவ்வன்முறையில் தமது தளம் பயன்பட்டதற்காக 2020 மே மாதம் முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. எரிந்த வீட்டுக்கு அந்த மன்னிப்பு இரண்டு வருடம் பிந்தி வந்தது.

2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின் தேடப்படுவோர் என்று பொலிஸார் வெளியிட்ட படங்களில், எந்தத் தொடர்பும் இல்லாத அமெரிக்க மாணவி ஒருவரின் படமும் சேர்ந்துவிட்டது. திருத்தம் விரைவில் வந்தது. ஆனால் படம் அதற்குள் உலகைச் சுற்றிவிட்டது. அதிகாரபூர்வமான இடத்திலிருந்து வந்தாலும் பிழைக்கலாம் என்பதற்கு இது ஒரு பாடம். பொய் பரவுகிறது என்று சமூக ஊடகங்களை அரசு மூடிய நாட்களையும் நாம் கண்டோம். அப்போது "நான் சுகமாக இருக்கிறேன்" என்ற உண்மைச் செய்தியும் சேர்ந்தே நின்றுபோனது. ஆகவே பூட்டுப் போடுவதில் எமக்கு நம்பிக்கை இல்லை. இப்போது செயற்கை நுண்ணறிவு ஒருவரது குரலையும் முகத்தையும் போலச் செய்து தருகிறது. இனி "நானே கண்ணால் கண்டேன்" என்பதும் போதாது. எங்கே கண்டீர்கள், யார் வெளியிட்டது என்று கேட்க வேண்டிய காலம்.

அந்த இரவுக்குப் பின் எமது குழு தனக்கென்று சில ஒழுங்குகளை வகுத்தது. சங்கத்தின் மற்றக் குழுக்களுக்கும் அவற்றைப் பணிவுடன் முன்வைக்கிறோம்.

மரணம், விபத்து, நோய் பற்றிய எந்தச் செய்தியும் குடும்பத்தவருடன் ஒருவர் பேசி உறுதிப்படுத்திய பின்னரே குழுவில் இடப்படும். உறுதிப்படுத்தியவர் தமது பெயரைக் கீழே எழுதுவார். வெட்டிய படத்தை ஏற்பதில்லை. முழுப் படம், பத்திரிகை அல்லது தளத்தின் பெயர், திகதி மூன்றும் வேண்டும். இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி பல கை மாறி வந்தது என்று பொருள். அது வந்தால் ஒரு நாள் பொறுத்திருப்போம். பிழையானதை அனுப்பிவிட்டால் பேசாமல் அழித்துவிடுவதில்லை. அது எந்தெந்தக் குழுவுக்குப் போனதோ அங்கெல்லாம் திருத்தத்தையும் அனுப்புவோம். கடைசியாகச் சொன்னதுதான் கடினம். வெட்கமாக இருக்கும். இரண்டு தடவை அந்த வெட்கம் பட்டவர் மூன்றாவது தடவை அவசரப்படுவதில்லை என்பதைக் கண்டோம்.

பணம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எமது வகுப்பு இவ்வருடம் முதல் கல்லூரி நூலகத்துக்கு இரண்டு தமிழ் நாளிதழ்களுக்கான சந்தாவைக் கட்டுகிறது. வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகள் தாம் விரும்பும் ஏதாவது ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கோ செய்தித் தளத்துக்கோ காசு கொடுத்து வாசிக்கும்படி கேட்கிறோம். காலையில் வரும் அந்த பி.டி.எவ். கோப்பை எமது குழுவில் நிறுத்திவிட்டோம். சிலருக்கு மனவருத்தம்தான். பிரதேச நிருபரின் சைக்கிளை நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதிபர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். காலைச் செய்தி வாசிப்பை மீண்டும் தொடங்க வேண்டும். ஐந்து செய்திகளோடு ஆறாவதாக, அந்த வாரம் பரவிய ஒரு பொய்ச் செய்தியையும் அது பொய்யென்று எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதையும் ஒரு மாணவி சொல்லட்டும். இதில் இந்நாள் மாணவிகள் எம்மை விடக் கெட்டிக்காரிகள். ஒரு படத்தைத் தேடுபொறியில் இட்டு அது பல வருடங்களுக்கு முன் வேறொரு நாட்டில் எடுத்தது என்று கண்டுபிடிக்க எமக்குக் காட்டித் தந்தது பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவர். கேள்வி கேட்கும் பழக்கத்தை நாம் கொடுப்போம். விடை தேடும் வழியை அவர்கள் எமக்குச் சொல்லித் தரட்டும்.

இந்த உரையை எழுதி முடித்ததும் ரீச்சரிடம் வாசித்துக் காட்டினோம். இதோ, முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். வருடம், திகதிகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். சந்தேகமாக இருந்த இரண்டு இடங்களை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டோம். அன்று ஐந்தாவது செய்தியை விட்டுவிட்டு நான்கை வாசித்தது போலத்தான். உரை சற்றுக் குறுகிவிட்டது. ஆனால் இன்று இதற்கு ரீச்சரின் சிவப்புப் பேனை திறந்தது.

இவ்வுரை மலரில் வந்த பின் எவராவது இதைப் படம் பிடித்துக் குழுக்களில் அனுப்புவதாக இருந்தால், தயவுசெய்து முழுப் பக்கத்தையும் அனுப்புங்கள். மலரின் பெயரும் திகதியும் அதில் இருக்கட்டும்.